யப்பான்காரன் குண்டு போட்ட வருஷம்



எனது அம்மம்மாவுக்குத் தான் பிறந்த ஆண்டு தெரியாது. கலியாணம் நடந்த ஆண்டும் தெரியாது. கேட்டால், "யப்பான்காரன் குண்டு போட்ட வருஷத்துக்கு முந்தின வருஷம்" என்பார். மூத்த மாமா பிறந்தது "யப்பான்காரன் குண்டு போட்ட வருஷம்". பெரிய மழை வந்து வயல் அழிந்தது "அதுக்கு மூன்றாம் வருஷம்". திரியாயில் எங்கள் தலைமுறைக்கு முந்தியவர்களின் கலண்டர் அந்த ஒரு நாளிலிருந்துதான் முன்னும் பின்னும் எண்ணப்பட்டது. அது என்ன நாள், அன்று என்ன நடந்தது என்று சிறுவயதில் நான் ஒருபோதும் கேட்டதில்லை. அம்மம்மாவின் பேச்சில் அது மழை வெயில் போன்ற ஒரு சங்கதி என்று விட்டுவிட்டேன்.

கேட்கவேண்டும் என்ற எண்ணம் பல்லாண்டுகள் கழித்து, ஜேர்மனியின் ஹம்பேர்க் நகரத் தெருவொன்றில் எனக்கு வந்தது.

தங்கையின் மகள் அங்கே குடியிருக்கிறாள். அவளிடம் போயிருந்தபோது, "மாமா, நீங்கள் சரித்திரம் விரும்புகிறவர், வாருங்கள்" என்று ஒரு நடைச் சுற்றுலாவுக்கு அழைத்துப் போனாள். இரண்டாம் உலகப் போர்க்காலத்து ஹம்பேர்க்கை நடந்தே காட்டுவது அவர்களின் வேலை. வழிகாட்டியாக வந்தவர் ஓர் இளம்பெண். முதலில் புனித நிக்கோலஸ் தேவாலயத்துக்குக் கூட்டிப் போனார். 1874 முதல் இரண்டாண்டு காலம் உலகத்திலேயே உயரமான கட்டடமாக நின்றது அதன் கோபுரம், 147 மீற்றர். 1943 ஜூலை மாதக் குண்டுவீச்சில் கோபுரம் தப்பியது, கோயில் அழிந்தது. அதைத் திருப்பிக் கட்டாமல், கரிபடிந்த கோபுரத்தையும் சுவர்த் துண்டுகளையும் அப்படியே நினைவிடமாக விட்டிருக்கிறார்கள். அந்தக் குண்டுவீச்சுக்களில் மாண்டவர்கள் முப்பதினாயிரத்துக்கும் அதிகம்.

இதைச் சொல்லி முடித்த பிறகு அந்தப் பெண் எங்களை ஒரு சாதாரணத் தெருவுக்கு அழைத்துச் சென்று, நடைபாதையைக் குனிந்து பார்க்கச் சொன்னார். உள்ளங்கை அகலத்தில் ஒரு பித்தளைத் தகடு. இங்கே இன்னார் வாழ்ந்தார், இந்த ஆண்டில் பிறந்தார், இந்த ஆண்டில் கொண்டு செல்லப்பட்டார், இந்த முகாமில் கொல்லப்பட்டார் என்று நாலைந்து வரி. யூதர்களும் ஹிட்லர் ஆட்சி ஒழித்துக் கட்டிய ஏனையோரும் கடைசியாக விரும்பிக் குடியிருந்த வீட்டு வாசலில் இப்படி ஒரு கல். குந்தர் டெம்னிக் என்ற சிற்பி 1990களில் தொடங்கிய வேலை இது. 2023 இல் ஒரு இலட்சமாவது கல்லைப் பதித்தார்கள். "எங்கள் நகரத்தில் விழுந்த குண்டைப்பற்றிச் சொல்வதானால் இந்தக் கல்லையும் காட்டாமல் விடக்கூடாது. இவர்களைக் கொண்டு போனபோது அயலவர்கள் யன்னலுக்குள்ளால் பார்த்துக் கொண்டுதான் நின்றார்கள்" என்றார் அவர்.

நடை முடிந்து விடைபெறும்போது என் ஊர் எது என்று கேட்டார். இலங்கை, திருகோணமலைப் பக்கம் என்றேன். "அங்கேயும் போர் நடந்ததல்லவா? நான் வந்தால் எதைக் காட்டுவீர்கள்?" என்றார்.

உபசாரமாகக் கேட்ட கேள்விதான். ஆனால் என்னிடம் பதில் இருக்கவில்லை.

ஊர் திரும்பியதும் திருகோணமலையில் எனக்குத் தெரிந்த ஒரு மாஸ்டரிடம் போனேன். சரித்திரம் படிப்பித்து ஓய்வு பெற்றவர். அவருடைய தகப்பனார் டொக்யார்ட்டில் வேலை செய்தவர். மாஸ்டர் ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் 9 ஆம் திகதி காலையில் நாலைந்து மாணவர்களைக் கூட்டிக்கொண்டு நகரத்தைச் சுற்றி நடப்பார் என்று கேள்விப்பட்டிருந்தேன். "அதுக்கென்ன, வாரும். ஆனால் ஏழு மணிக்குக் கோட்டை வாசலில் நிற்கவேணும். பிந்தினால் விமானம் வந்திடும்" என்றார்.

ஏழு மணிக்குப் பிரட்றிக் கோட்டை வாசலில் புள்ளிமான்கள் குப்பையில் கிடந்த வாழைத்தோலைத் தின்றுகொண்டு நின்றன. மாஸ்டரோடு மூன்று பையன்களும் இரண்டு பெண்பிள்ளைகளும். போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை 1622 இல் இடித்து, அந்தக் கல்லையும் கொண்டு கட்டத் தொடங்கிய கோட்டை இது. பிறகு ஒல்லாந்தர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் என்று கைமாறியது. ஆங்கிலேயர் 1803 இல் தங்கள் இளவரசர் ஒருவரின் பெயரை வைத்தார்கள். மாஸ்டர் இவற்றை இரண்டே நிமிடத்தில் முடித்துவிட்டு எங்களைச் சுவாமிமலை உச்சிக்கு ஏற்றினார்.

கோயில் மணி கேட்டது. கிழக்கே கடல் வெள்ளித் தகடாய்க் கிடந்தது. மாஸ்டர் மணிக்கூட்டைப் பார்த்தார்.

"இந்தப் பக்கத்தாலைதான் வந்தவங்கள்" என்று கையை நீட்டினார்.

1942 பெப்ரவரி 15 இல் சிங்கப்பூர் விழுந்தது. பிரித்தானியாவின் கீழைத்தேயக் கடற்படைக்குக் கொழும்பும் திருகோணமலையும்தான் மிச்சம். ஏப்ரல் 4 ஆம் திகதி, கொக்கலையிலிருந்து கற்றலீனா விமானத்தில் ரோந்து போன கனேடிய விமானி லெனாட் பேர்ச்சால், தென்கிழக்குக் கடலில் யப்பானியக் கப்பற்படையைக் கண்டு செய்தி அனுப்பினார். செய்தி முழுதாகப் போய்ச் சேருமுன் அவரைச் சுட்டு வீழ்த்திச் சிறைப்பிடித்தார்கள். அடுத்த நாள் உயிர்த்த ஞாயிறு. கொழும்பில் குண்டு விழுந்தது. பேர்ச்சால் சிறைவாசத்தில் உயிர் பிழைத்து 2004 வரை வாழ்ந்தார்.

அட்மிரல் நகுமோவின் ஐந்து விமானந்தாங்கிக் கப்பல்களும் கொழும்போடு திரும்பிவிடவில்லை. ஏப்ரல் 8 மாலை மறுபடியும் அவை கண்டுபிடிக்கப்பட்டன. அன்றிரவே திருகோணமலைத் துறைமுகத்திலிருந்த கப்பல்களை வெளியேறச் சொன்னார்கள். மறுநாள் வியாழக்கிழமை. காலை ஏழரை மணியளவில் நூற்றுக்கு மேற்பட்ட விமானங்கள் வந்தன. சீனக்குடாவிலிருந்து ஹரிக்கேன் விமானங்கள் எழும்பிப் போரிட்டன. அவற்றில் ஏறக்குறையப் பாதி திரும்பவில்லை.

"சித்திரை வருஷத்துக்கு நாலைந்து நாள்தான் இருந்தது. ஐயா வேலைக்குப் போய்விட்டார். எங்கட அம்மா பலகாரத்துக்கு மா இடிக்கவென்று அரிசி ஊறப் போட்டிருந்தாவாம். அந்த அரிசியை ஊறினபடியே கடகத்திலை போட்டுக்கொண்டு ஓடினதாம்" என்றார் மாஸ்டர்.

பெண்பிள்ளைகளில் ஒருத்தி, "எங்கை சேர் ஓடினவை?" என்று கேட்டாள்.

"வடக்கே. நிலாவெளி, குச்சவெளி, திரியாய். சிலபேர் யாழ்ப்பாணம் வரைக்கும்."

எனக்குள் ஏதோ ஒன்று அசைந்தது. அம்மம்மாவின் கதையில் ஒரு துண்டு அப்போதுதான் அதற்குரிய இடத்தில் வந்து பொருந்தியது. எங்கள் வளவில் தென்மேற்கு மூலையில் ஒரு மண்திட்டி இருந்தது. அதைப் "பட்டினத்தாற்றை குடில்" என்றுதான் வீட்டில் சொல்வோம். பட்டினத்தார் என்றால் திருவெண்காடரென்று நான் நினைத்துக் கொண்டிருந்தேன்! பட்டினத்திலிருந்து, அதாவது திருகோணமலையிலிருந்து, வண்டில் கட்டி வந்து எங்கள் வளவில் மாதக்கணக்கில் குடிலடித்து இருந்தவர்களின் இடம் அது.

மலையிலிருந்து இறங்கி மைதானத்து ஓரமாக நடந்தோம். பழைய ஆங்கிலேய மயானத்து மதிலடியில் மாஸ்டர் நின்றார். இலக்கிய நேயர்களுக்கு இந்த இடம் முக்கியமானது. ஆங்கில நாவலாசிரியை ஜேன் ஒஸ்ரினின் தம்பி, றியர் அட்மிரல் சார்ள்ஸ் ஒஸ்ரின் இங்கேதான் அடக்கம் செய்யப்பட்டார். 1852 இல் பர்மியப் போருக்குப் போய், ஐராவதி ஆற்றில் வாந்திபேதி கண்டு இறந்தவர். அக்காளின் நாவல்களில் விடுமுறைக்கு வீடு வரும் கடற்படை வாலிபர்களை நாம் சந்திக்கிறோம். அந்த வாலிபர்களில் ஒருவர் கிழவராகி நமது மண்ணில் கிடக்கிறார்.

அங்கிருந்து உட்துறைமுகக் கரை. டொக்யார்ட்டுக்குள் இப்போது இலங்கைக் கடற்படை இருக்கிறது. அனுமதியில்லாமல் உள்ளே போக முடியாது. கரையில் நின்றே பார்த்தோம். அன்று காலை துறைமுகத்தை விட்டுப் போக முடியாமல் நின்ற கப்பல்களில் ஒன்று 'சகாயிங்'. வெடிமருந்தும், பெட்டியில் கட்டிய விமானங்களும், சாராயப் போத்தல்களும் அதிலிருந்தன. குண்டு பட்டு எரிந்தது. 1943 இல் அதன் உடலைத் தாழ்த்தி, இறங்குதுறையாகப் பாவித்தார்கள். எழுபத்தைந்து ஆண்டுகளாகத் தண்ணீருக்குள் கிடந்த அதை 2018 இல் கடற்படைச் சுழியோடிகள் மிதக்க வைத்து அப்புறப்படுத்தினார்கள்.

முதல்நாள் இரவு தப்பிக்கவென்று தெற்கே போன கப்பல்களுக்கும் தப்பில்லை. 'ஹேர்மிஸ்' விமானந்தாங்கிக் கப்பல் அன்று காலை கரையோரமாகத் திரும்பி வந்துகொண்டிருந்தபோது மட்டக்களப்புக்கு வெளியே கண்டுபிடிக்கப்பட்டது. விமானந்தாங்கிக் கப்பல்தான், ஆனால் அதில் அன்று ஒரு போர் விமானம்கூட இருக்கவில்லை. 307 பேர் அதனோடு போனார்கள். கூட வந்த அவுஸ்திரேலிய நாசகாரி 'வம்பயர்' உம் மூழ்கியது. 'வீற்றா' என்ற வைத்தியக் கப்பல் அறுநூறு பேரளவில் தூக்கியெடுத்தது.

"எண்ணிக்கை பாருங்கோ பிள்ளைகள்" என்றார் மாஸ்டர். "ஹேர்மிஸில் செத்தவை 307 என்று ஒரு ஆள் பிசகாமல் எழுதி வைச்சிருக்கு. ஆனால் இந்தக் கரையிலை மூட்டை தூக்கின, கரி அள்ளின எங்கட சனமும் மலையாளிகளும் அண்டைக்குச் செத்தவை. அவையின்ரை பெயரை ஆர் சொல்லுவினம்? ஐயா நாலு பெயர் சொன்னவர். அந்த நாலும் என்ரை கொப்பியிலை இருக்கு."

பிறகு பஸ்ஸில் சீனக்குடா. யுத்தத்துக்கு முன்னரே ஆங்கிலேயர் காட்டுக்குள் ஒளித்துக் கட்டிய எண்ணெய்க் குதங்கள் இங்கேதான். 99 குதங்கள், ஒவ்வொன்றும் 12,000 கிலோ லீற்றர் அளவு கொள்ளக்கூடியது. அன்று ஒரு யப்பானிய விமானம் வந்து ஒரு குதத்தில் மோதியது. விமானி வேண்டுமென்றே மோதினானா, அடிபட்டுக் கட்டுப்பாடிழந்து விழுந்தானா என்று எழுதுகிறவர்கள் இன்றும் வாதாடுகிறார்கள். ஏழு நாள் எரிந்தது என்று ஊரில் சொல்வார்கள். 91 ஆம் இலக்கக் குதத்தின் இரும்புச் சுவர், அடுப்பில் வைத்த பிளாஸ்ரிக் கோப்பைபோல் மடிந்து உருகி, இன்றும் அப்படியே கிடக்கிறது.

இந்தக் குதங்களின் கதை 1942 உடன் முடியவில்லை. 1957 ஒக்ரோபரில் கடற்படைத் தளம் இலங்கையிடம் கையளிக்கப்பட்டது. 1987 இலங்கை - இந்திய ஒப்பந்தத்தோடு பரிமாறிய கடிதங்களில் இக்குதங்கள் இடம்பெற்றன. 2003 இல் இந்திய எண்ணெய் நிறுவனத்தின் இலங்கைக் கிளைக்குக் குத்தகை. 2022 ஜனவரி உடன்படிக்கைப்படி 14 குதங்கள் அந்நிறுவனத்துக்கு, 24 இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, 61 இரண்டும் சேர்ந்த கூட்டு முயற்சிக்கு. எண்பது ஆண்டுகளாகப் பெரிய நாடுகள் திருகோணமலை என்றதும் இந்தக் குதங்களைத்தான் நினைக்கின்றன. குதங்களைச் சுற்றிக் குடியிருப்போரை நினைப்பது குறைவு.

அந்த ஏப்ரலுக்குப் பிறகு யப்பானியர் திரும்பி வரவில்லை. ஆங்கிலக் கடற்படை ஆபிரிக்கக் கரைக்கு ஒதுங்கியிருந்து, 1944 தொடக்கத்தில் திரும்பி வந்தது. அமெரிக்காவின் 'சரற்றோகா'வும் பிரெஞ்சுக்காரரின் 'றிஷ்லியு'வும் இந்தத் துறைமுகத்தில் நின்ற ஆண்டு அது. 1944 ஓகஸ்ட் 8 இல் 'வலியன்ற்' என்ற போர்க்கப்பலைத் தூக்கிய மிதக்கும் துறை, பாரம் தாங்காமல் உடைந்து மூழ்கியது. மாஸ்டருடைய தகப்பனார் அதைக் கண்ணால் கண்டவராம். சனங்களுக்கு அந்த ஆண்டுகளின் ஞாபகம் வேறு. யப்பானியர் பர்மாவைப் பிடித்ததும் பர்மா அரிசி நின்றது. கூப்பன் வந்தது. கோதுமை மா வந்தது. இன்று நாம் விரும்பி உண்ணும் கோதுமை மாப் பிட்டும் ரொட்டியும் யுத்தம் நமது குசினிக்குள் வைத்துவிட்டுப் போனவை. பச்சை அரிசி மாப் பிட்டுக்குப் பழகிய அம்மம்மா அதைக் கடைசிவரை "கூப்பன் பிட்டு" என்றுதான் சொன்னார்.

கடைசியாக நிலாவெளி வீதியில் உள்ள போர் வீரர் மயானம். திரியாய்க்குப் போகும் பஸ் இதன் வாசலைக் கடந்துதான் போகும். நூறு தடவை கடந்திருப்பேன். ஒரு தடவையும் இறங்கியதில்லை. முந்நூறுக்கும் மேற்பட்ட கல்லறைகள். பிரித்தானியர் மட்டுமல்லர், இந்தியர், இலங்கையர், ஒல்லாந்தர் என்று பல நாட்டவர். பெயர், பதவி, திகதி, வயது. பத்தொன்பது, இருபது, இருபத்திரண்டு. அதிகாரிக்கும் சிப்பாய்க்கும் ஒரே அளவு கல். அப்படித்தான் இருக்கவேண்டும் என்பது 1917 இல் தொடங்கிய போர் மயான ஆணைக்குழுவின் விதி. புல் ஒட்ட வெட்டியிருந்தது. பூச்செடிக்குத் தண்ணீர் ஊற்றியிருந்தார்கள்.

பிள்ளைகள் சத்தமில்லாமல் கல் கல்லாக வாசித்துக்கொண்டு போனார்கள். ஒரு பையன் திரும்பி வந்து, "சேர், எங்கட அப்பப்பாவை எங்கை புதைச்சதென்றே எங்களுக்குத் தெரியாது. அது வேறை சண்டை" என்றான்.

மாஸ்டர் பதில் சொல்லவில்லை. அவன் தோளில் கை வைத்தார். சிறிது நேரம் கழித்து, "வீட்டை போய் அப்பம்மாவிட்டைக் கேள். கேட்டதை எழுது. அடுத்த வருஷம் கொண்டு வா" என்றார். இதுதான் அவர் ஒவ்வோர் ஆண்டும் கொடுக்கும் வீட்டுப்பாடம் என்று பிறகு அறிந்தேன்.

அவர்கள் நகரத்துக்குத் திரும்பினார்கள். நான் மயானத்து வாசலிலேயே வடக்கே போகும் பஸ்ஸை மறித்து ஏறினேன். நிலாவெளி, இறக்கக்கண்டி, கும்புறுப்பிட்டி, குச்சவெளி. 1942 இல் ஊறின அரிசியோடு சனம் போன வீதி அது. 1985 இல் அதே வீதியால் எதிர்த்திசையில் நாங்கள் வந்தோம்.

அந்த ஆண்டில் திரியாயில் வீடுகள் எரிந்தன. உயிர்கள் போயின. ஊர் முழுவதும் இடம்பெயர்ந்தது. சிலர் வடக்கே போனார்கள். நாங்கள் பட்டினத்துக்கு வந்தோம். பல ஆண்டுகள் கழித்துத்தான் சனம் திரும்பத் தொடங்கியது. திரும்பியபோது வளவுகளை மரத்தை வைத்துத்தான் அடையாளம் பிடித்தோம். புளி நின்றது, வீடு இல்லை. 1942 இல் பட்டினம் எங்களிடம் வந்தது, 1985 இல் நாங்கள் பட்டினத்திடம் போனோம். இந்த இரண்டையும் ஒன்றாக வைத்து நான் அன்றுவரை யோசித்ததில்லை. எங்களுக்கு அகதி முகாமில் முதல் நாள் சோறு தந்த கிழவி ஒருத்தி, "திரியாயோ? எங்கட ஆட்கள் முந்தி அங்கை வந்து இருந்தவை" என்று சொன்னது இப்போது ஞாபகம் வருகிறது. அன்று அதைக் காதில் வாங்க எனக்கு நெஞ்சில் இடமிருக்கவில்லை.

திரியாயின் மலையில் ஒரு பழைய பௌத்தத் தூபி உண்டு. பக்கத்துப் பாறையில் பல்லவ கிரந்த எழுத்தில் ஒரு சமஸ்கிருதச் சாசனம். ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முற்பட்டது. கடல்கடந்து வந்த வணிகர் இருவரின் பெயரை அது இன்றும் சொல்கிறது. அவ்வளவு பழைய பெயர்களைப் பாறை காத்துத் தந்திருக்கிறது. ஆனால் மலையடிவாரத்தில் எனக்குத் தெரிந்து வாழ்ந்து, எனக்குத் தெரிந்து இறந்தவர்களின் பெயருக்கு ஒரு செங்கல்கூட இல்லை. பட்டினத்தில் 1942 இல் மாண்ட சுமைகாரருக்கும் இல்லை. சீனக்குடாவில் விழுந்த யப்பானிய விமானியைப்பற்றி உலகம் விவாதிக்கிறது. மாஸ்டருடைய கொப்பியில் இருக்கும் அந்த நாலு பெயரை யாரும் கேட்டுவரவில்லை.

ஹம்பேர்க் பெண் சொன்னதையும் அன்று பஸ்ஸில் யோசித்தேன். தங்கள் கோயில் எரிந்ததை அவர் மறைக்கவில்லை. தங்கள் அயலவன் போனதையும் மறைக்கவில்லை. ஒன்றைக் காட்டி மற்றதை மூடுவது சுலபம்; எங்கள் பகுதியிலும் தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் என்று மூன்று சமூகத்தவரிடமும் எரிந்த வீட்டுக் கதைகள் இருக்கின்றன. ஒவ்வொருவரும் தமது கதையை மட்டும் ஒப்புவிக்கிறோம்.

அன்று மாலை ஊரில் ஒரு பாடசாலைக் கொப்பி வாங்கினேன். எங்கள் ஒழுங்கையின் முதல் வளவிலிருந்து தொடங்கினேன். யார் இருந்தார்கள், என்ன தொழில், எத்தனை பிள்ளைகள், எந்த ஆண்டில் போனார்கள், யார் திரும்பினார்கள், யார் திரும்பவில்லை. பதினொரு வளவு எழுதியபோது இருட்டிவிட்டது. மூன்றாம் வளவுக்காரரின் மகள் பெயர் எனக்கு வரவேயில்லை. என்னோடு ஒரே வகுப்பில் படித்தவள். மூன்று வீடு ஏறி இறங்கி விசாரித்தேன். நாலாவது வீட்டில் ஒரு கிழவர் சொன்னார்.

எனது மூத்த மாமா போய் இப்போது பதினைந்து ஆண்டாகிறது. "யப்பான்காரன் குண்டு போட்ட வருஷம்" என்று தன் வயதைச் சொல்லக்கூடியவர்கள் எண்பது தாண்டிவிட்டார்கள். உங்கள் வீட்டிலோ அயலிலோ அப்படி ஒருவர் இருந்தால், இந்தக் கிழமை முடியுமுன் அவர் பக்கத்தில் போய் இருங்கள். அவர் எங்கே ஓடினார், யார் சோறு கொடுத்தார்கள், யார் வரவில்லை என்று கேளுங்கள். 1942 ஐக் கேட்டாலும் சரி, 1985 ஐக் கேட்டாலும் சரி. கையில் ஒரு கொப்பி இருக்கட்டும்.

ஹம்பேர்க்கிலிருந்து அந்தப் பெண் என்றாவது திருகோணமலைக்கு வந்தால் எதைக் காட்டுவேன் என்று இப்போது எனக்குத் தெரியும். சுவாமிமலையில் தொடங்குவேன். 91 ஆம் குதத்தையும் நிலாவெளி வீதி மயானத்தையும் காட்டுவேன். பிறகு பஸ் ஏற்றி, திரியாயில் எங்கள் வளவின் தென்மேற்கு மூலைக்குக் கூட்டி வருவேன். மண்திட்டி இன்னும் இருக்கிறது.